கவச ஊர்தியும் உடைவாளும்

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெரியவற்றைப் பற்றியே எழுதுகின்றனர். பீரங்கிக் குழலின் விட்டம், கவசத் தகட்டின் கனம், எஞ்சினின் குதிரைத்திறன் ஆகியன பக்கம் பக்கமாக இடம்பெறும். அந்த ஊர்திக்குள் முழங்காலை மடக்கி அமர்ந்திருக்கும் மனிதனின் கைக்கெட்டும் தொலைவில் மாட்டியிருக்கும் சிறு துப்பாக்கியோ அடிக்குறிப்பாகவே நின்றுவிடும். அந்த அடிக்குறிப்பைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவிஞர்கள் கூடி வெளியிடும் பத்தாண்டு மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் ஐயுறலாம். புறத்திணை மரபில் வந்த நமக்குப் படைக்கலம் புதிய பொருளன்று. வேல், வாள், வில், தோல் என்று நம் முன்னோர் பாடியபோது கருவியோடு அதைப் பற்றியிருந்தவன் நெஞ்சையும் சேர்த்தே பாடினர். 'உடைவாள்' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். உடையோடு சேர்த்து இடையில் செருகப்பட்ட வாள் அது. தேரிலிருந்தோ யானையின் பிடரியிலிருந்தோ பொருபவனுக்கு அம்பும் வேலும் முதற்கருவிகள். தேர் முறிந்து, யானை வீழ்ந்து, தரையில் தனித்து நிற்க நேர்ந்தால் இடையில் உள்ள வாளே துணை. இருபதாம் நூற்றாண்டின் கவச ஊர்திகளுக்குள்ளும் இத்தகைய உடைவாள் ஒன்று இருந்தது.

கவச ஊர்தியில் செல்வோர் ஏந்திய சிறு படைக்கலங்களை இரு வகையாகப் பகுக்கலாம். ஊர்திக்குள் இருந்தபடியே கவசத்தில் இட்ட துளை வழியே சுடுவதற்கு உரியது ஒரு வகை. ஊர்தி எரிந்தோ உடைந்தோ போகும்போது வெளியேறும் மனிதன் கையோடு எடுத்துச் செல்வதற்கு உரியது மற்றொரு வகை. முதலாவது கவசத்தை நம்பிப் பிறந்தது. இரண்டாவது கவசத்தை ஐயுற்றுப் பிறந்தது. இந்த நம்பிக்கைக்கும் ஐயத்திற்கும் இடையே நூறாண்டுக் காலம் நடந்த வழக்கே இவற்றின் வரலாறு.

தொடக்கம்

1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில், பிரிட்டிஷ் படையின் டாங்கிகள் முதன்முதலாகக் களமிறங்கின. ஒவ்வொன்றினுள்ளும் எண்மர் இருந்தனர். எஞ்சினுக்குத் தனி அறை இல்லை. அதன் வெப்பத்திற்கும் புகைக்கும் நடுவிலேயே அவர்கள் நின்றனர். வெளியே குண்டு பட்டால் உட்புறத்திலிருந்து உலோகத் துணுக்குகள் தெறித்தன. அதனால், தோலால் ஆகி வாய்ப்புறத்தில் இரும்பு வளையக் கோவை தொங்கும் முகமூடிகளை அவர்கள் அணிய நேர்ந்தது. கவசத்திற்குள் இருந்தவனுக்கு இன்னொரு கவசம் வேண்டியிருந்தது. டாங்கியின் பக்கங்களில் சிறு துளைகள் இருந்தன. நெருங்கிவரும் பகைவனை உள்ளிருந்தே ரிவால்வரால் சுடுவதற்காக அவை அமைக்கப்பட்டன. ஆக, முதல் டாங்கியிலேயே அந்தத் துளை இருந்தது.

காலாட்படையினரைச் சுமப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஊர்தி 1918இல் உருவாயிற்று. மார்க் ஒன்பது என்று பெயரிடப்பட்ட அதில் ஏறத்தாழ 30 வீரர்கள் ஏறலாம். பக்கச் சுவர்களில் அவர்கள் தங்கள் துப்பாக்கிகளை நீட்டிச் சுடத் துளைகள் இருந்தன. வீரர்களைச் சுமந்து அது பெருங்களம் எதனையும் காணுமுன் அவ்வாண்டு நவம்பரில் போர் ஓய்ந்தது. ஆயினும், பின்னர் அரை நூற்றாண்டு கழித்து வல்லரசுகள் பெரும் பொருட்செலவில் ஆராய்ந்த கருத்து முழுவதும் அந்த ஊர்தியில் விதையாகவே இருந்தது எனலாம்.

கொக்கியும் வளைகுழலும்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய அரைச்சங்கிலி ஊர்திகள் மேற்கூரை அற்றவை. முன்புறம் சக்கரம், பின்புறம் சங்கிலித் தடம், நடுவே திறந்த தொட்டி போன்ற உடல். அதனுள் நின்ற வீரர்களுக்குத் துளை தேவைப்படவில்லை. பக்கச் சுவரின் விளிம்பிலேயே துப்பாக்கியை வைத்துச் சுட்டனர். 1938இல் வந்த எம்பி 38 என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கியின் குழலுக்கு அடியில், முனையருகே, ஒரு சிறு கொக்கி உண்டு. ஊர்தி குலுங்கும்போது துப்பாக்கி உட்புறம் சரிந்து தம்மவரையே சுட்டுவிடாதபடி, சுவர் விளிம்பில் மாட்டிக்கொள்வதற்கு உரிய கொக்கி அது. அத்துப்பாக்கியின் தோள்கட்டை மரத்தால் ஆனதன்று. மடித்துக் குழலுக்கு அடியில் சேர்த்துக்கொள்ளத்தக்க உலோகச் சட்டம். இடநெருக்கடியில் வாழ்பவனை மனத்திற்கொண்டு துப்பாக்கியின் உருவத்தையே மாற்றியமைத்த தொடக்கக்காலச் சான்றுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

அதே ஜெர்மானியர் போரின் இறுதிக் காலத்தில் விந்தையானதொரு முயற்சியில் இறங்கினர். கவச ஊர்தியை அண்டி ஒட்டிக்கொண்ட பகைவனை உள்ளிருப்பவனால் காணவும் இயலாது, சுடவும் இயலாது. ஊர்தியைச் சுற்றிலும் சில முழத் தொலைவு குருட்டு வட்டமாகவே இருந்தது. அதற்குத் தீர்வாகத் தானியங்கித் துப்பாக்கியின் முனையில் பொருத்தும் வளைந்த குழல் ஒன்றைச் செய்தனர். 30 பாகை வளைந்த குழலும், டாங்கியினுள்ளிருந்து சுடுவதற்காகச் செங்குத்தாக வளைந்த குழலும் உருவாயின. குண்டு வளைவில் உராய்ந்து சென்றதால் சில வேளைகளில் உடைந்து சிதறியது. 30 பாகைக் குழலே ஏறத்தாழ 300 குண்டுகளில் தேய்ந்து பயனற்றுப் போயிற்று. வெளியே தலை நீட்ட அஞ்சும் மனிதனின் அச்சம் இரும்பையே வளைத்தது. ஆனால் இரும்பு நெடுநாள் வளைந்து கொடுக்கவில்லை.

அமெரிக்கர் வேறு வழியில் சென்றனர். 1942 டிசம்பரில் அவர்கள் ஏற்றுக்கொண்ட எம் 3 என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கி, மோட்டார் வண்டிகளுக்கு முகப்பு விளக்குச் செய்துவந்த ஒரு தொழிற்பிரிவில் உருவானது. தகட்டை அச்சில் அழுத்திப் பற்றவைத்துச் செய்த மலிவான கருவி. பட்டறையில் மசகு பீய்ச்சும் குழாயை ஒத்திருந்தமையால் வீரர்கள் அதனைக் 'கிரீஸ் கன்' என்றே அழைத்தனர். 6 லட்சத்திற்கும் மிகுதியாக இது செய்யப்பட்டது. பின்வந்த திருந்திய வடிவில் குதிரையை இழுக்கும் கைப்பிடிகூட இல்லை. உள்ளிருக்கும் இரும்புருளையில் ஒரு குழி மட்டுமே இருந்தது. அதில் விரலை நுழைத்துப் பின்னிழுக்க வேண்டும். கம்பியால் ஆன அதன் தோள்சட்டம் குழலைத் துடைக்கும் கோலாகவும் பயன்பட்டது. காலாட்படையினர் அதனைக் கைவிட்டு நெடுங்காலம் சென்றபின்னும் அமெரிக்க டாங்கிக் குழுவினரிடம் அது 1990கள் வரை நீடித்தது. தோற்றத்தில் எளியதாயினும், எரியும் ஊர்தியின் மூடி வழியே ஒரு மனிதனோடு சேர்ந்து வெளியேற அதனால் முடியும். அத்தகுதியே அதன் ஆயுளை நீட்டியது.

அமெரிக்க ஷெர்மன் டாங்கியின் சுழல் கோபுரத்திலும் கைத்துப்பாக்கிக்கான துளை ஒன்று இருந்தது. கவசத்தை நலிவுறச் செய்வதாகக் கருதி 1943இல் அதனை நீக்கினர். பின்னர் மீண்டும் வைத்தனர். குழுவினர் அத்துளையைக் குண்டுகளை உள்ளே வாங்கவும் வெற்று உறைகளை வெளியே எறியவும் பயன்படுத்திவந்ததே அதற்குக் காரணம். சுடுவதற்கென்று திறந்த துளை, பொழுதெல்லாம் குப்பை எறியும் சன்னலாகவே பயன்பட்டது.

அணுப்போரின் அச்சம்

போருக்குப் பின் வந்த காலத்தில் கவச ஊர்தியின் பொருளே மாறிற்று. 1960இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த எம் 113 என்னும் அலுமினிய ஊர்தி, வீரர்களைக் களத்தின் ஓரம்வரை கொண்டுவிடும் வாடகை வண்டி போன்றது. இறங்கிப் போரிடுவது அவர்கள் கடன். ஆனால் வியட்நாமில் தென்வியட்நாமியப் படையினர் அதில் இருந்தபடியே போரிட்டனர். 1963 ஜனவரி 2ஆம் நாள் நிகழ்ந்த அப் பாக் சண்டையில், திறந்த மேல்மூடியில் நின்று கனரக இயந்திரத் துப்பாக்கியை இயக்கியவர்களுள் 14 பேர் மாண்டனர். ஊர்திக்குக் கவசம் இருந்தது; இடுப்புக்கு மேல் அவர்களுக்கு இல்லை. பின்னரே துப்பாக்கியைச் சுற்றிக் கேடயத் தகடுகள் பொருத்தப்பட்டன.

சோவியத் நாட்டு வடிவமைப்பாளர்களை உந்தியது வேறோர் அச்சம். வருங்காலப் போர் அணுகுண்டு விழுந்த நிலத்தில் நடக்கும் என்று அவர்கள் எண்ணினர். அந்நிலத்தில் கால் வைத்தால் சாவு. காற்றை நேரே உட்கொண்டாலும் சாவு. எனவே காலாட்படை வீரன் காலால் நடவாமல் போரிட வேண்டும். இம்முரணிலிருந்தே 1966இல் படையில் சேர்ந்த பிஎம்பி-1 பிறந்தது. 1967 நவம்பரில் மாஸ்கோ செஞ்சதுக்க அணிவகுப்பில் உலகம் அதனைக் கண்டது. 73 மி.மீ. பீரங்கியும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் கொண்ட அந்த ஊர்தியில் குழுவினர் மூவர், வீரர் எண்மர். வீரர்கள் நால்வர் நால்வராக முதுகோடு முதுகு பொருந்தி வெளிப்புறம் நோக்கி அமர்வர். ஒவ்வொருவர் முன்னும் கவசத்தில் ஒரு துளை. அதன் மேலே ஒரு பெரிஸ்கோப். கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் முனையைத் துளையில் செருகி, பெரிஸ்கோப்பில் பார்த்துச் சுட வேண்டும். சுடும்போது எழும் புகையை உறிஞ்சி வெளியேற்றத் துப்பாக்கியோடு இணைக்கும் குழாய்கள்கூட இருந்தன. நச்சுக் காற்று உட்புகாத அறையில் தாம் எழுப்பிய புகையே தம்மைக் கொல்லக்கூடாதல்லவா!

அவ்வீரர்கள் சாய்ந்திருந்த நடுத்தடுப்பு ஓர் எரிபொருள் தொட்டி என்பதையும், வெளியேறும் பின்கதவுகளின் உட்புறமும் எரிபொருள் நிரப்பும் தொட்டிகளே என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

மேற்கு ஜெர்மனியின் மார்டர் ஊர்தி 1971இல் வந்தது. அதன் பக்கங்களில் உருண்டைக் குமிழ் போன்ற பொருத்துகளின் வழியே, இஸ்ரேலில் பிறந்து ஜெர்மன் படையில் எம்பி 2 என்று பெயர்பெற்ற ஊசி சிறு இயந்திரத் துப்பாக்கியால் சுடலாம். அமெரிக்கர் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த பிராட்லி ஊர்திக்கு ஒரு தனித் துப்பாக்கியையே படைத்தனர். எம் 231 என்னும் அது எம் 16 துப்பாக்கியின் வழிவந்தது. ஆனால் துளையில் திருகிப் பொருத்துவதற்கென்றே ஆனது. நிமிடத்திற்கு 1,100க்கு மேற்பட்ட குண்டுகளைக் கொட்டும் வேகம் அதற்குண்டு. ஒற்றைக் குண்டாகச் சுடும் வசதி இல்லை. குறிபார்க்கும் கருவியும் இல்லை. தோட்டாக்களின் ஒளிச்சுவடு செல்லும் திசையைப் பெரிஸ்கோப்பில் கண்டு கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஊர்தியை விட்டு இறங்கினால் ஏறக்குறையப் பயனற்ற துப்பாக்கி. கவசத்தின்மேல் வைத்த நம்பிக்கை இதற்குமேல் செல்ல இயலாது.

துளைகள் மூடப்பட்ட கதை

நம்பிக்கைக்கு முதல் சோதனை 1973 அக்டோபர்ப் போரில் வந்தது. எகிப்தும் சிரியாவும் பிஎம்பி-1 ஊர்திகளைக் களமிறக்கின. பாலை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருக்க இயலாமல் வீரர்கள் மேல்மூடிகளைத் திறந்துவைத்தனர். உயரமான இடத்திலிருந்து சுட்ட பகைவனின் குண்டுகள் அவ்வழியே இறங்கின. பக்கத் தகடுகளைக் கனரக இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகளே துளைத்தன.

இரண்டாம் சோதனை ஆப்கானிஸ்தான். 1979 முதல் 1989 வரை சோவியத் படைகள் அங்கிருந்த காலத்தில், வீரர்கள் ஊர்திக்குள் அமர்வதையே தவிர்த்தனர். மலைப்பாதையில் கண்ணிவெடி வெடித்தால் மூடிய பெட்டிக்குள் இருப்பவன் பிழைப்பது அரிது. மேலே அமர்ந்திருப்பவன் தூக்கி எறியப்பட்டாலும் பிழைக்கக்கூடும். ஆகவே கவசத்தின் உள்ளே இருக்க வேண்டியவர்கள் கவசத்தின்மேல் அமர்ந்து சென்றனர். கீழே அவர்களுக்கென்று வகுத்த இருக்கைகளும் துளைகளும் பெரிஸ்கோப்புகளும் ஆளின்றி இருந்தன. அணுப்போருக்கு அஞ்சிக் கட்டிய வீட்டை, பாதையில் புதைத்த வெடிக்கு அஞ்சிக் காலி செய்தனர் எனலாம்.

1994 டிசம்பர் 31ஆம் நாள் ரஷ்யப் படை செச்னியாவின் தலைநகர் குரோஸ்னிக்குள் புகுந்தபோது மூன்றாம் சோதனை நேர்ந்தது. நெருங்கிய வீதிகளில் அடித்தளத்திலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் ராக்கெட் குண்டுகள் பாய்ந்தன. பக்கச் சுவரில் கிடைமட்டமாக இட்ட துளையால் மேல்மாடியையும் நோக்க இயலாது. நிலவறையையும் நோக்க இயலாது. இருப்பூர்தி நிலையம்வரை சென்ற மைக்கோப் படைப்பிரிவு தன் ஊர்திகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. அங்கே வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே நின்றது, பின்கதவைத் திறந்து வெளியேறும் சில நொடிகளே.

களம் கற்பித்ததை வடிவமைப்பாளர்கள் அதற்கு முன்பே ஓரளவு உணரத் தொடங்கியிருந்தனர். ஓடும் ஊர்தியிலிருந்து துளை வழியே சுடுவதில் குறி தப்புவதே மிகுதி என்பது தெளிவாயிற்று. கவசத்தில் இட்ட ஒவ்வொரு துளையும் கவசத்தின் ஒரு குறை. 1988இல் வந்த பிராட்லியின் திருந்திய வடிவில், பக்கங்களில் கூடுதல் தகடுகள் வைத்தபோது பக்கத் துளைகள் அவற்றின் கீழ் மறைந்தன. தொடக்கத்தில் ஆறாக இருந்த துளைகளில் பின்கதவில் உள்ள இரண்டு மட்டுமே எஞ்சின. மார்டரின் குமிழ்த் துளைகளும் பின்வந்த திருத்தத்தில் நீங்கின. 1980களின் பிற்பகுதியில் வந்த பிரிட்டனின் வாரியர் ஊர்தியோ துளையே இல்லாமல் பிறந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஒரு பெருங்கருத்து தோன்றி, வளர்ந்து, தகட்டின் அடியில் ஓசையின்றிப் புதைந்தது.

முழம் நீளத் துப்பாக்கி

ஐயத்தில் பிறந்த மற்றொரு வகைக்கு அவ்வீழ்ச்சி நேரவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் 1961இல் வந்த ஸ்கோர்ப்பியன், சட்டத்தை மடித்தால் 270 மி.மீ. நீளமே உடையது, ஒரு சாணுக்குச் சற்றே மிகுதி. ஊர்தி ஓட்டுநர்களையும் குழுவினரையும் மனத்திற்கொண்டு அது செய்யப்பட்டது. சோவியத் படை 1979இல் ஏற்ற ஏகேஎஸ்-74யு, கலாஷ்னிகோவ் துப்பாக்கியைக் குறுக்கியது. குழலின் நீளம் ஏறத்தாழ 206 மி.மீ.; மடித்த நிலையில் மொத்த நீளம் 490 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு முழம். ஓட்டுநன் இருக்கைக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் இடம் கிடைப்பதே அரிது. அந்த இடத்திற்கு ஏற்பத் துப்பாக்கி தைக்கப்பட்டது.

குறுக்கியதற்கு விலையும் உண்டு. குழல் விரைவில் சூடேறும். தொலைவில் குறி பிசகும். ஆயினும் அதன் பணி தொலைவில் இருப்பவனை வீழ்த்துவதன்று. ஊர்தியை இழந்த மனிதன் தன் தோழர்களை அடையும்வரை அவனைக் காப்பது. இக்கருவிக்குப் பிற்காலத்தில் நேர்ந்த மாற்றம் வியப்புக்குரியது. ஆப்கானிஸ்தானில் அதனை வைத்திருந்தோர் பெரும்பாலும் ஊர்திக் குழுவினரும் வானூர்தி ஓட்டிகளும். எனவே அதனைக் கைப்பற்றியவன் ஓர் ஊர்தியையோ வானூர்தியையோ வென்றவன் என்று மதிக்கப்பட்டான். பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒசாமா பின் லாடனின் படங்களில் அவரருகே காணப்படும் குறுந்துப்பாக்கி இவ்வகையினதே. தப்பிச் செல்பவனுக்கென்று செய்த கருவி, வெற்றிச் சின்னமாகிவிட்டது.

இவ்வகையின் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளன. ஜெர்மன் படையில் 2000களில் சேர்ந்த எம்பி 7, இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடையுடையது. துளைக்கெனப் பிறந்த எம் 231க்கோ வாரிசு இல்லை.

நம் நாட்டில்

இந்தியத் தரைப்படை பிஎம்பி-1 ஊர்திகளை 1970களில் பெற்றது. இயந்திரமயக் காலாட்படைக்கெனத் தனி ரெஜிமெண்ட் 1979இல் உருவாயிற்று. அடுத்த வகையான பிஎம்பி-2, தெலங்கானாவின் மேடக் படைக்கலத் தொழிற்சாலையில் 1987 முதல் 'சாரத்' என்னும் பெயரில் செய்யப்படலாயிற்று. தேரின் நினைவைத் தாங்கிய பெயர் அது. அதன் எஞ்சின் பிறக்கும் இடம் நம் ஆவடி. 2021இல் படைக்கலத் தொழிற்சாலைகள் பிரிக்கப்பட்டபின் மேடக் ஆலையை ஆளும் நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியே. இத்தகைய குழுவினர்க்கு நெடுங்காலம் உடைவாளாக இருந்தது, பிரிட்டனின் ஸ்டெர்லிங் வழிவந்து கான்பூரில் செய்யப்பட்ட 9 மி.மீ. கார்பைன். ஆவடியில் எஞ்சினைப் பொருத்தும் தொழிலாளியும், கான்பூரில் குறுந்துப்பாக்கியின் சட்டத்தை மடித்துப் பார்க்கும் தொழிலாளியும் ஒருவரை ஒருவர் அறியார். அவர்கள் செய்த இரண்டும் ஓர் ஓட்டுநனின் இருக்கையில் ஒன்றுசேர்கின்றன. முதலாமவர் தம் பணியைச் செம்மையாகச் செய்தால் இரண்டாமவர் செய்ததற்கு வேலை குறையும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒன்று புலனாகின்றது. காலாட்படை வீரனைக் காலின்றிப் போரிடச் செய்ய முடியும் என்னும் எண்ணம், நூறாண்டுக் காலம் பலமுறை முயன்றும் நிலைபெறவில்லை. துளை வழியே உலகைப் பார்ப்பவன், துளையளவே உலகைப் பார்க்கிறான். பகைவன் வருவது அத்துளைக்கு அப்பாலிருந்து. இறுதியில் அவன் கதவைத் திறந்து மண்ணில் இறங்கியே தீர வேண்டியிருந்தது. 2022இல் தொடங்கிய உக்ரைன் போரிலும் பிஎம்பியின் மேல் அமர்ந்து செல்லும் வீரர்களின் படங்களைக் காண்கிறோம். ஆப்கானிஸ்தானில் அவர்கள் தந்தையர் அமர்ந்த அதே இடம், கவசத்தின் வெளிப்புறம்.

கவச ஊர்தியைப் பற்றிப் படைத்துறை ஏடுகள் சொல்வன பெரும்பாலும் அது எதைத் தாங்கும் என்பதே. அதனுள் மாட்டியுள்ள சிறு துப்பாக்கி, அது எப்போது தாங்காது என்பதைச் சொல்கிறது. அதைச் செய்தவர்கள் அவ்வுண்மையை அறிந்தே செய்தார்கள். ஏந்துபவனும் அறிந்தே ஏந்துகிறான். வெளியிடாத அவ்வறிவோடு ஒவ்வொரு முறையும் மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்கிறான், இருபது வயது கடந்தும் கடவாத ஓர் இளைஞன். புறம் பாடும் கவிஞர் எவரேனும் இக்காலக் களத்தைப் பாட முற்பட்டால், பீரங்கியின் முழக்கத்திற்கு முன்னதாக, அவன் இருக்கையருகே மடித்து வைத்திருக்கும் அந்த முழம் நீள இரும்பை ஒருமுறை நோக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அது பணிக்கு வராமலே துருவேறிப் போவதுதான், அவன் வீடு திரும்பியமைக்குச் சான்று.